ஞாயிறும் உறையுளும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவையும் உடையையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். உறையுளை அங்ஙனம் மாற்றுதல் எளிதன்று. ஆதலின், காற்றும் வெயிலும் வரும் வழியை அறிந்து, திசை தேர்ந்து, அதன் பின்னரே கடைக்கால் தோண்டுதல் நம் முன்னோர் வழக்கமாக இருந்தது. சங்க நூல்களுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வகுத்த முறையைக் கூறுகின்றார். இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகல் வேளையைக் கண்டு, நூலறிந்தோர் நுட்பமாகக் கயிறிட்டுத் திசை குறித்தனர் என்பது அப்பகுதியின் கருத்து. நச்சினார்க்கினியர் அந்நாளைச் சித்திரைத் திங்களில் வைத்து உரை வகுத்தார்.

உரையாசிரியர் கூறியது வெறும் கற்பனையன்று. கோயம்புத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. சித்திரைத் தொடக்கத்தில், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், ஒரு நாள் நண்பகலில் ஞாயிறு இவ்வூருக்கு நேர் உச்சியில் நிற்கும். பீளமேட்டுப் பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நேராக நட்டு, அன்று அதன் நிழல் அடியிலேயே ஒடுங்குவதை மாணவர் தாமே காணலாம். ஆவணித் தொடக்கத்தில் மீண்டும் அவ்வாறு நிகழும். இவ்விரு நாள்களுக்கும் இடையே நண்பகல் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கேயும், ஏனைய மாதங்களில் தெற்கேயும் நிற்கும். கூரைமேல் தகடு வைத்துக் கதிரொளியை மின்சாரமாக்க விரும்புவோர்க்கு இன்றும் இக்கணக்கே முதற்கணக்கு. தகடு தெற்கு நோக்கி, ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருத்தல் இவ்வூர்க்குப் பொருந்தும் என்பது இதனாலேயே பெறப்படும்.

இனி, இக்காலத்து வீட்டைப் பற்றிப் பார்ப்போம். செங்கல்லைச் சுமந்து, சுண்ணாம்பு குழைத்து, மனையிலேயே ஒவ்வொரு வரிசையாக எழுப்பும் முறை ஒன்று. சுவரையும் கூரையையும் படிகளையும் தொழிற்சாலையில் முன்னரே வார்த்து, வண்டியில் ஏற்றிவந்து, மனையில் பொருத்திவிடும் முறை மற்றொன்று. பின்னதை ஆயத்த வீடு என்பர். விரைந்து வீடு எழுப்பும் வேட்கை கொங்கு நாட்டுக்குப் புதியதன்று, கோவை ஜி. டி. நாயுடு அவர்கள் ஒரே பகலில் ஒரு வீட்டை எழுப்பிக் காட்டியவர். நாடு பிரிந்தபோது வீடிழந்து வந்தோர்க்காக 1948 இல் தில்லியில் அரசு ஒரு வீட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. அங்கு வார்த்த பலகைகள் வெடிப்புக் கண்டமையால் அம்முயற்சி நினைத்த பயனைத் தரவில்லை. பின்னர் இத்தொழில் தேர்ச்சி பெற்றது. சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் 2021 சனவரியில் அடிக்கல் நாட்டப்பெற்று, 2022 மே மாதத்தில் திறக்கப்பெற்ற 1,152 குடியிருப்புகள் முன்வார்ப்புப் பகுதிகளைக் கொண்டு கட்டப்பட்டனவே.

கதிரொளியை மின்சாரமாக்கும் சிலிக்கன் தகட்டை 1954 இல் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் உலகுக்குக் காட்டினர். அன்று அத்தகடு தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்று கடையில் கிடைக்கும் தகடு இருபது பங்குக்கு மேல் ஆக்குகின்றது. ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகள் நம் நாட்டு வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் மின்சாரம் தரும். ஒளிதான் அதற்கு உணவு, வெப்பம் அன்று. தகடு சூடேற ஏறப் பயன் சிறிது குறையும். சித்திரை வெயிலில் மிகுதியாகக் கிடைக்கும் என்று பலர் எண்ணுவது முற்றும் சரியன்று.

இங்கே பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கூரையில் தகடு பதித்து, அதனை மின்வாரியக் கம்பியோடு இணைத்துவிட்டால், இனி நமக்கு மின்தடையே இல்லை என்று மகிழ்வோர் பலர். உச்சி வெயில் காயும்போது தெருவில் மின்சாரம் நின்றால், அவ்வீட்டின் விசிறியும் உடனே நின்றுவிடும்! தகட்டில் குறை ஏதுமில்லை. தெருவில் மின்சாரம் இல்லை என்று கருதிக் கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் கையில், நம் கூரையிலிருந்து பாயும் மின்சாரம் பட்டால் அவன் உயிர் என்னாகும்? அதனை எண்ணியே, வாரியக் கம்பி ஓய்ந்தவுடன் தானும் ஓயுமாறு இன்வெர்ட்டர் என்னும் கருவியை அமைத்துள்ளனர். தனித்து நிற்க விரும்பும் வீட்டுக்குத் தகடு மட்டும் போதாது. தெருக் கம்பியினின்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும் அமைப்பும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சேமக்கலமும் வேண்டும். மக்கள் இதனைப் பாட்டரி என்பர்.

சேமிப்பின் அருமையைக் கொங்கு நாட்டார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. நொய்யலில் வெள்ளம் வருவது சில நாள். அந்நாள்களில் வாய்க்கால் வழியே உக்கடத்துக்கும் சிங்காநல்லூர்க்கும் குளங்களுக்கு நீரைத் திருப்பி, ஆண்டெல்லாம் ஆண்டனர் நம் முன்னோர். மின்சாரத்துக்கும் இம்மாவட்டத்திலேயே ஒரு பெருங்குளம் உண்டு. ஆனைமலைப் பகுதியில் உள்ள காடம்பாறையில், மின்சாரம் மிகுந்துள்ள வேளையில் மேல் ஆழியாற்று நீரை மேலேற்றி, தேவை மிகும் வேளையில் கீழே விட்டு, 400 மெகாவாட் வரை மின்சாரம் ஆக்குகின்றனர். சேமக்கலம் என்பது வீட்டுக்குள் அடங்கிய சிறு காடம்பாறையே. 2012 ஆம் ஆண்டில் கோவை வட்டாரம் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் இருண்டு கிடந்ததைப் பெற்றோரிடம் கேட்டறிக. பீளமேட்டுப் பட்டறைகளில் கடைசல் எந்திரங்கள் சும்மா நின்றன. பிள்ளைகள் மெழுகுவத்தி ஒளியில் படித்தனர். அந்நாளில்தான் வீட்டுக்கு வீடு பாட்டரி வந்தது.

ஆனால் எவ்வளவு பெரிய கலம் வேண்டும்? இதனை விற்பவரிடம் கேட்பதைவிடக் கணக்கிடமே கேட்டல் நன்று. சிறிய வீடு ஒன்றில் இரண்டு விசிறிகள் இரவு பத்து மணி நேரம் சுழல்கின்றன. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு ஐந்து மணி நேரம் எரிகின்றன என்று கொள்வோம். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். அவ்வாறாயின் விசிறிகளுக்கு 1.5 யூனிட்டும், விளக்குகளுக்கு 0.18 யூனிட்டும் ஆக ஏறத்தாழ 1.7 யூனிட் வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி அளவுள்ள ஈயக் கலத்தில் 1.8 யூனிட் அடங்கும். எனினும் அதில் பாதிக்கு மேல் எடுத்தால் கலம் விரைவில் கெடும். ஆகவே பயன்படுவது 0.9 யூனிட்டே. இவ்வீட்டுக்கு இரண்டு கலங்கள் வாங்க வேண்டியதாகின்றது. பழைய விசிறிகளை அகற்றி, 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளை மாட்டினாலோ, இரவுத் தேவை 0.78 யூனிட்டாகச் சுருங்கும். ஒரு கலமே போதும். இரண்டு விசிறிகளை மாற்றியது ஒரு பாட்டரியை வாங்காமல் விட்டதற்கு ஒப்பாயிற்று. அந்த இரவை நிரப்பக் கால் கிலோவாட் தகடே பெரும்பாலும் அமையும்.

ஈயக் கலத்தின் அமைப்பை 1859 இல் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே கண்டறிந்தார். விலை குறைவு; ஆனால் எடை மிகுதி. காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றிக் காத்தல் வேண்டும். நான்கைந்து ஆண்டில் மாற்றவும் நேரும். இப்போது பரவிவரும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்டுக் கலம் விலை மிகுந்ததாயினும், தன்னுள் இருப்பதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ள இடம் தரும், நெடுநாள் உழைக்கும். லித்தியக் கலங்களை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019 இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. எவ்வகைக் கலமாயினும் வெப்பம் அதற்குப் பகை. ஈயக் கலத்தைப் பொறுத்தவரை, பத்துப் பாகை வெப்பம் ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கூற்று. இஃதறியாதார், தகர ஓட்டுக்கு அடியில், மாடிப்படியின் மேற்குச் சுவரோரம் அதனை வைத்துவிட்டு, கலம் கெட்டதே என்று கடைக்காரரை நோவர்.

இவ்விடத்தில்தான் ஆயத்த வீட்டின் நன்மையும் தீமையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. மண்சுவரும் கனத்த செங்கற்சுவரும் பகல் வெப்பத்தை மெல்லவே உள்ளே விடும். மெல்லிய பலகைச் சுவரோ விரைவில் சுடும். சுட்டால் விசிறி ஓயாது. விசிறி ஓயாவிடில் கலம் ஒழியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வீசும் காற்று, இலேசான கூரையில் பின்னர் ஒட்டவைத்த தகட்டைத் தூக்கிப் பார்க்கும். வீடு முடிந்தபின் கூரையைத் துளையிட்டால் அடுத்த மழையில் ஒழுகும். இத்துன்பங்கள் யாவும் வார்ப்படத்திலேயே தீர்க்கத்தக்கவை. தகட்டைத் தாங்கும் திருகாணிகளைக் கூரையோடு வார்த்துவிடலாம். கம்பி செல்லும் குழாயைச் சுவருக்குள் புதைத்துவிடலாம். வடக்குச் சுவரில் நிழலும் காற்றும் உள்ள ஒரு மாடத்தைக் கலத்துக்கென விடலாம். அகல் விளக்குக்கு மாடம் வைத்துக் கட்டிய நாட்டில் இது புதுமையன்று. ஆயின், ஒரு வார்ப்படத்தில் பிழை நேர்ந்தால் ஆயிரம் வீட்டிலும் அப்பிழை நேரும் என்பதை வார்ப்பவர் மறத்தல் கூடாது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் இதில் மேலும் ஒரு படி சென்றனர். தகடு தருவதும் கலம் வைப்பதும் நேர்மின்னோட்டம். எல்.இ.டி. விளக்கும் புதுவகை விசிறியும் உள்ளே வேண்டுவதும் அதுவே. இடையில் மாறுமின்னோட்டமாக்கி மீண்டும் திருப்புவதில் ஒரு பங்கு வீணாகின்றது. அவ்வீணைத் தவிர்க்க 48 வோல்ட் நேர்மின்னோட்டத்திலேயே இயங்கும் அமைப்பை வகுத்து, ராசஸ்தானில் சோத்பூர்ப் பகுதியின் ஆயிரக்கணக்கான எளிய வீடுகளில் நிறுவினர்.

தமிழ்நாட்டிலும் எளியோர்க்கு வீட்டோடு கதிரொளி விளக்கையும் சேர்த்துத் தரும் திட்டம் 2011-12 இல் தொடங்கப்பெற்றது. பசுமை வீடு என்று பெயர் பெற்ற அவ்வீடு 300 சதுர அடி. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்றும், வீடொன்றுக்குத் தொடக்கத்தில் 1.80 இலட்ச ரூபாய், அதில் 30,000 ரூபாய் கதிரொளி விளக்குகளுக்கு என்றும் வகுத்தனர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து விளக்குகள். அவை மனையிலேயே கட்டப்பட்டவை, ஆயத்த வீடுகளல்ல. எனினும் வீட்டையும் ஞாயிற்றையும் ஒரே மதிப்பீட்டில் சேர்த்தெழுதிய சிறப்பு அத்திட்டத்துக்கு உண்டு. தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். கலமோ அதற்குள் பலமுறை மாறவேண்டும். முதற் கலம் அரசு தந்தது. இரண்டாவதை வாங்குபவர் யார்? கூலி வேலை செய்து உண்பவர்க்கு ஒரு பாட்டரியின் விலை பல நாள் கூலி. குளம் வெட்டியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் தூர் எடுக்கக் குடிமராமத்து என்று ஒன்றை வைத்திருந்தனர் நம் ஊரார். சேமக்கலத்துக்கும் அத்தகைய ஏற்பாடு வேண்டும் என்பது என் துணிபு.

அதற்குப் பணம் எங்கே என்பார்க்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை விடை கூறும். அவ்வூராட்சி 2006 இல் கடன் பெற்று, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் நிறுவிற்று. ஆனி ஆடியில் மேகம் மூடித் தகடுகள் சோரும்போது, அதே மேகத்தைக் கொணரும் கணவாய்க் காற்று அவ்வாலையைச் சுழற்றுகின்றது. தெருவிளக்குக்கும் குடிநீர்க்கும் போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அக்கடனை அவ்வூரார் அடைத்தனர்.