வீட்டுக்குள் செடி: தண்ணீரைக் குறையுங்கள்

வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பல வாடிச் சாவதில்லை, அழுகித்தான் சாகின்றன. தினமும் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. விரலை மண்ணுக்குள் 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் இருக்காது.

முதல் செடியாக நான் சொல்வது ஸ்னேக் பிளான்ட். வெளிச்சம் குறைந்த ஹாலிலும் தாக்குப்பிடிக்கும். இலைகளின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். 15 நாள் ஊருக்குப் போய் வந்தாலும் அப்படியே நிற்கும். ஜீஜீ பிளான்ட்டும் இதே ரகம்தான், கிழங்கில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

மணி பிளான்ட் கொடியைக் கணுவோடு வெட்டி, கணு மூழ்கும்படி பாட்டில் தண்ணீரில் போட்டாலே வேர்விடும். ஆனால் வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும்; அதன் முட்டைகள் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் இந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும், வாந்தியும் வரலாம். அந்த வீடுகளுக்கு ஸ்பைடர் பிளான்ட் நல்லது. அதில் நச்சு இல்லை.

இலையில் தூசி படிந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். ஏசி காற்று நேரே படும் இடம் எந்தச் செடிக்கும் ஆகாது.