கடனோடு பிடித்த இன்சூரன்ஸ்: பழைய காகிதத்தைத் தேடுவோம்



போன வருடம் ஒரு குழுக் கூட்டத்தில், வீட்டுக்காரரை இழந்த அக்கா ஒருவர் பையிலிருந்து கசங்கிய ரசீது ஒன்றை எடுத்துக் காட்டினார். "மேடம், கடன் கொடுக்கிறப்போ இன்சூரன்ஸ்னு பணம் பிடிச்சாங்க. வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான்னு சொன்னாங்க. அவர் போயிட்டார். இப்போ கேட்டா அப்படி ஒண்ணும் இல்லைங்கிறாங்க" என்றார்.

2021-ல் வீட்டைச் சரிசெய்ய ஒரு நிதி நிறுவனத்தில் அவர் வாங்கிய கடன் 3,00,000 ரூபாய். கைக்கு வந்தது 2,85,000. கட்டணம் 3,000, இன்சூரன்ஸ் 12,000 பிடித்திருந்தார்கள். பாலிசி காகிதம் எதுவும் கையில் இல்லை.

12,000 மட்டும்தானா?

இல்லை. அந்த 12,000-ம் கடனோடு சேர்ந்துவிட்டது. 14 சதவீத வட்டியில் 10 வருடம் தவணை கட்டினால், அந்த 12,000-க்கு மட்டும் 22,300 ரூபாய்க்கு மேல் கட்டுவோம். கூட்டமே அசந்துபோனது.

இன்சூரன்ஸ் கெட்டது என்று சொல்லவில்லை. கடன் வாங்கியவர் இறந்தால் பாக்கியை அடைக்கும் நல்ல பாதுகாப்பு அது. யார் பேரில், எவ்வளவு தொகைக்கு, எத்தனை வருடத்துக்கு என்று சொல்லாமலோ, மாற்றிச் சொல்லியோ விற்பதுதான் தவறு.

பழைய பதிவு எங்கே கிடைக்கும்?

1. வீட்டில்: கடன் அட்டை, அனுமதிக் கடிதம், ரசீது, பழைய பாஸ் புத்தகம். ட்ரங்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள்.

2. பாஸ் புத்தகத்தில்: கடன் வந்த தேதியை ஒட்டிப் பிடித்த தொகைகளைப் பாருங்கள். வருடத்துக்கு 436, 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் பெயரிலான ஆயுள், விபத்துக் காப்பீடாக இருக்கலாம். அது வேறு கணக்கு.

3. கடன் கொடுத்த இடத்தில்: முதல் நாளிலிருந்து கடன் கணக்கு ஸ்டேட்மெண்ட், நாம் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் நகல், காப்பீட்டுச் சான்றிதழ் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கணக்கு முடிந்துவிட்டாலும் குறைந்தது 5 வருடம் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

4. இன்சூரன்ஸ் கம்பெனியில்: கடன் எண், பெயர், பிறந்த தேதி, அப்போதைய முகவரி, போன் நம்பர் கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

வாயால் கேட்டால் "நாளைக்கு வாம்மா" என்பார்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல், தேதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

புகார் எப்படி?

முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். என்ன சொல்லி விற்றார்கள், காகிதத்தில் என்ன இருக்கிறது, நமக்கு என்ன வேண்டும் — இந்த மூன்றும் போதும். 155255 என்ற இலவச எண்ணிலும் இன்சூரன்ஸ் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுத்துவிட்டார்கள் என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கடன் கொடுத்தவர் மேல் புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் 14448-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிணை இல்லாமல் வாங்கும் நுண்கடனுக்கு, 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இன்சூரன்ஸ் போன்றவற்றை வாங்குவது முழுக்க நம் விருப்பம். "எடுத்தாத்தான் கடன்" என்று சொல்லக்கூடாது.

பிரிட்டனிலும் இதே கதை

அங்கே வீட்டுக்கடன், தனிநபர் கடன், கிரெடிட் கார்டோடு தவணைப் பாதுகாப்பு இன்சூரன்ஸை லட்சக்கணக்கானவர்கள் தலையில் கட்டினார்கள். தனக்கு பாலிசி இருந்ததே பலருக்குத் தெரியாது. பழைய முகவரியைச் சொல்லி வங்கியில் தேடச் சொல்லிக் கண்டுபிடித்தார்கள். 2011-லிருந்து 3,800 கோடி பவுண்டுக்கு மேல் வங்கிகள் திருப்பிக் கொடுத்தன. புகாருக்குக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29. அதைத் தவறவிட்டவர்களுக்குக் கதவு ஏறக்குறைய அடைபட்டது. "நாங்க வாங்கித் தர்றோம்" என்று வந்த இடைத்தரகர்கள் கமிஷனாக ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இரண்டு பாடம்: நாள் கடத்தாதீர்கள், தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது?

இரண்டு கடிதம் போட்ட பிறகு சான்றிதழ் வந்தது. அதில் அக்கா பேர் மட்டும்தான் இருந்தது. மூன்று மாத அலைச்சலுக்குப் பின் 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரருக்கான காப்பீட்டுத் தொகை கிடைக்கவில்லை. "அவர் இருக்கும்போதே இந்தக் காகிதத்தைக் கேட்டிருக்கணும் மேடம்" என்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

அடுத்த கூட்டத்தில் செய்ய

• எல்லோரும் கடன் அட்டை, பாஸ் புத்தகம் கொண்டு வாருங்கள்.
• கடன் தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஏன்?
• இன்சூரன்ஸ் யார் பேரில்? வாரிசு யார்? சான்றிதழ் கையில் இருக்கிறதா?

எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இல்லாத காகிதத்தை இந்த மாதமே கேட்டு எழுதுவோம்.