நரியும் பரியும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் இங்குத் தங்கித் திருவெம்பாவை பாடினார் என்பது மரபு. அவருக்குக் கோயிலும் இங்கு உண்டு. நரியைப் பரியாக்கிய கதை அவரோடு பிரியாதது. பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளை, அமைச்சரான அவர் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்குக் கொணர்ந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. குதிரை என நம்பியது நரியாயிற்று.

ஆங்கிலத்திலும் நரி சூழ்ச்சிக்கே உரியது. குதிரைதான் வேறு திசையில் ஓடுகிறது. ‘டார்க் ஹார்ஸ்’ என்பது பந்தயத்திடலில் பிறந்த தொடர். டிஸ்ரேலி 1831இல் வெளியிட்ட ‘தி யங் டியூக்’ புதினத்தில், எவரும் பொருட்படுத்தாத அத்தகைய குதிரையொன்று முந்திச் சென்று வெல்கிறது. இங்கு ‘டார்க்’ நிறமன்று. திறன் வெளிப்படாத நிலை. ‘கறுப்புக் குதிரை’ எனப் பெயர்த்தால் நிறம் மட்டுமே எஞ்சும்.

‘முதலைக் கண்ணீர்’ இரு மொழியிலும் பொய்யழுகையே. அதில் இடர் இல்லை. ‘வெள்ளை யானை’ அப்படியன்று. ஆங்கிலத்தில் அது பயனை விஞ்சிச் செலவு வைக்கும் உடைமை. தமிழ் மரபிலோ இந்திரனின் ஐராவதம். சுந்தரர் கயிலைக்கு ஏறிச் சென்ற ஊர்தி. வீணான திட்டமொன்றை நாளிதழ் ‘வெள்ளை யானை’ என்று பழித்தால், பெரியபுராணம் கேட்டு வளர்ந்த முதியவர் அதனைப் புகழ்ச்சியென்றே கொள்ளக்கூடும்.