நகராக்கமும் வாழிடமும்: உயர்மாடிக் குடியிருப்பும் தெருவோரக் குடியிருப்பும்

மாணவர்களே, நகராக்கத்தின் விளைவுகள் பற்றிய வினாவுக்கு நெரிசல், சேரி, சூழல் மாசு என்பவற்றைப் பலரும் எழுதுவர். ஆனால் நெரிசலுக்குத் தீர்வாக எவ்வகை வீடுகளை அமைப்பது என்பதை ஆராய்ந்து எழுதுவோர் சிலரே. இப்பாடம் அதனை விளக்குகின்றது.

1. இரு வகைக் குடியிருப்புகள்

(அ) உயர்மாடிக் குடியிருப்பு
சிறிய நிலப்பரப்பில் பல மாடிகளை எழுப்பிப் பல குடும்பங்களைக் குடியமர்த்துவதாகும்.
நன்மைகள்: நிலம் மீதமாகும். நீர், மின்சாரம், கழிவகற்றல் என்பவற்றை ஒரே இடத்தில் வழங்கலாம்.
தீமைகள்: பராமரிப்புச் செலவு அதிகம். மின்தூக்கி பழுதடைந்தால் முதியோரும் நோயாளரும் வீட்டினுள் முடங்குவர். கீழே விளையாடும் பிள்ளையை மேலிருந்து கவனிப்பது கடினம்.

(ஆ) தெருவோரக் குடியிருப்பு
வீட்டு வாசல் நேரே தெருவுக்குத் திறக்கும். கடை, பட்டறை, பாடசாலை, வழிபாட்டிடம் என்பன அருகருகே அமைந்திருக்கும்.
நன்மைகள்: வாசலிலேயே சிறு வியாபாரம் செய்யலாம். தேவைகளை நடந்தே சென்று நிறைவேற்றலாம். அயலவர் ஒருவரையொருவர் அறிவர்.
தீமைகள்: வடிகால் குறைந்த இடங்களில் வெள்ளம் தேங்கும். நெருங்கிய வீடுகளில் தீ விரைவாகப் பரவும். பல இடங்களில் காணி உரிமை இல்லை.

2. ஜேன் ஜேக்கப்ஸின் கருத்து

நியூயோர்க் நகரின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ், அமெரிக்க நகரத் திட்டமிடலைக் கண்டித்து 1961இல் ஒரு நூல் எழுதினார். தெருவின் பாதுகாப்பைப் பொலிஸார் மட்டும் பேணுவதில்லை. கடைக்காரர், வழிப்போக்கர், யன்னலோரம் இருப்போர் ஆகியோரின் பார்வையே அதனைப் பேணுகின்றது என அவர் விளக்கினார். உயிர்ப்புள்ள நகர்ப்பகுதிக்கு அவர் கூறிய நிபந்தனைகள் நான்கு:

i. வதிவிடம், தொழில், வணிகம் எனப் பல பயன்பாடுகள் கலந்திருத்தல்
ii. தெருத் துண்டங்கள் குறுகியனவாக இருத்தல்
iii. பழைய கட்டடங்களும் புதியனவும் கலந்திருத்தல் (பழைய கட்டடத்தின் வாடகையே சிறு வியாபாரிக்குக் கட்டுப்படியாகும்)
iv. மக்கள் போதியளவு செறிந்திருத்தல்

கவனிக்க: ஜேக்கப்ஸ் மக்கள் செறிவை எதிர்த்தார் என எழுதுவது தவறாகும். நான்காம் நிபந்தனையைப் பார்க்க.

3. விடய ஆய்வு 1: புரூட் – ஐகோ, சென் லூயிஸ் (ஐக்கிய அமெரிக்கா)

சேரிகளை அகற்றிய இடத்தில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் 1950களின் நடுப்பகுதியில் எழுப்பப்பட்டன. மின்தூக்கிகள் எல்லா மாடிகளிலும் நிற்கவில்லை. செலவைக் குறைப்பதற்காக விளையாட்டிடம், கீழ்த்தள மலசலகூடம் போன்றன ஆரம்பத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டன. கட்டுவதற்கு மத்திய அரசு பணம் வழங்கியது; பராமரிப்புக்கோ ஏழைக் குடியிருப்பாளரின் வாடகையே ஆதாரம். 1950இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 57 ஆயிரமாக இருந்த நகரின் சனத்தொகை, 1970இல் 6 இலட்சத்து 22 ஆயிரமாகக் குறைந்தது. வீடுகள் வெறுமையாயின, வாடகை குறைந்தது, பழுதுகள் திருத்தப்படவில்லை, குற்றங்கள் பெருகின. 1972இல் இடிக்கத் தொடங்கி 1976இல் முழுவதையும் அகற்றினர்.

4. விடய ஆய்வு 2: சிங்கப்பூர்

வீடமைப்பு அபிவிருத்திச் சபை 1960இல் நிறுவப்பட்டது. 1961இல் புக்கிட் ஹோ சுவீ என்னும் நெருக்கமான குடியிருப்பைத் தீ அழித்ததில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அந்நிலத்தில் தொடர்மாடிகள் எழுந்தன. இன்று நாட்டின் வதிவோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு அண்மித்தோர் இச்சபையின் வீடுகளில் வாழ்கின்றனர்.

இங்கும் பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளிலேயே நின்றது. எனினும் கட்டடங்கள் கைவிடப்படவில்லை. 2001இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும் வகையில் அவை மாற்றப்பட்டன. மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் அறவிடப்படுகின்றது. அரச மானியமும் உண்டு. கீழ்த்தளம் திறந்த வெளியாக விடப்பட்டு, திருமணங்களும் மரணச் சடங்குகளும் நடைபெறும் பொது இடமாகப் பயன்படுகின்றது. அருகே உணவங்காடிகள் உள்ளன. தெருவோர வாழ்வின் சில பண்புகள் மாடிகளின் அடியிலேயே பேணப்படுகின்றன.

5. கொழும்பு

பொரளையில் 14 மாடிகள் கொண்ட சஹஸ்புர 2001இல் திறக்கப்பட்டது. 2010இன் பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபை, வசதி குறைந்த குடியிருப்புகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை உயர்மாடிகளுக்கு மாற்றியது. உறுதியான கூரையும் தனி மலசலகூடமும் பெரும் பேறாகும். ஆயினும் வாசலில் இடியப்பம் விற்றுப் பிழைத்த குடும்பம் பத்தாம் மாடிக்குச் சென்றால், வாங்குவோர் அங்கு ஏறி வருவரா? வருமானம் குறைந்த வேளையில் பராமரிப்புக் கட்டணத்தை எவ்வாறு செலுத்துவது? திட்டமிடுவோர் வீட்டோடு பிழைப்பையும் கருத வேண்டும்.

நினைவிற் கொள்க: குடியிருப்பின் வெற்றி உயரத்தில் மட்டும் தங்கியதன்று. கீழ்த்தளத்தின் பயன்பாடு, பராமரிப்பு நிதி, குடியிருப்போரின் பிழைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்குக.

மாதிரி வினா
"ஒரே வகையான குறைபாடு இரு நகரங்களில் இரு வேறு முடிவுகளைத் தந்தது." உயர்மாடிக் குடியிருப்புத் தொடர்பாக இக்கூற்றை விளக்குக.

விடைக் குறிப்பு
• குறைபாடு: மின்தூக்கி சில மாடிகளில் மட்டும் நிற்றல்
• சென் லூயிஸ்: வாடகை குறைந்தமையால் பராமரிப்பு நின்றது, கட்டடங்கள் இடிக்கப்பட்டன
• சிங்கப்பூர்: கட்டணமும் அரச உதவியும் இருந்தமையால் குறைபாடு திருத்தப்பட்டது
• முடிவு: கட்டுவதற்கு மட்டுமன்றிப் பேணுவதற்கும் நிதி ஒதுக்குதல் அவசியம்

பயிற்சி
உமது பிரதேசத்திலுள்ள ஒரு தெருவைத் தெரிவு செய்து, ஜேக்கப்ஸின் நான்கு நிபந்தனைகளுள் எவை அங்கு காணப்படுகின்றன என உதாரணங்களுடன் எழுதுக.