தாழ்வு நிலை என்றால் என்ன?

இந்த மாத சுவரிதழில் நான் எழுத எடுத்துக்கொண்ட தலைப்பு வானிலை. இதை ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது, ஐப்பசி மாதம், எங்கள் வீட்டில் மல்லாட்டை பிடுங்கி களத்தில் காயப்போட்டிருந்தோம். அன்று சாயந்திரம் ரேடியோவில், "தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்த தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்று சொன்னார்கள். அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, எட்டாவது படிக்கிறியே, அப்படின்னா என்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "அது எங்கியோ கடல்லப்பா, நமக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். எங்க ஆயா மட்டும், "காத்து கொண்டலா திரும்பிடுச்சு, அள்ளிடுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. ராத்திரி பெய்த மழையில் அத்தனையும் நனைந்து, நாலு நாளில் கறுத்துப் பூசணம் பிடித்துவிட்டது. வியாபாரி பாதி விலைதான் கேட்டார். அப்பா என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு அறிவியல் ஆசிரியரிடமும் நூலகப் புத்தகங்களிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காற்றுக்கு எடை உண்டு

நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மேல் சுமார் 1 கிலோ எடையுள்ள காற்று நிற்கிறது. அப்படியானால் நாம் ஏன் நசுங்கவில்லை? காற்று மேலிருந்து மட்டும் அழுத்தாமல் எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. நம் உடம்புக்குள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் இருக்கிறது.

செய்து பார்ப்போம்: ஒரு டம்ளர் நிறைய தண்ணீர் ஊற்றி, ஒரு அட்டையால் மூடி, கையால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் திருப்பி மெதுவாகக் கையை எடுங்கள். அட்டை விழாது. கீழே இருந்து காற்று அதைத் தாங்குகிறது. (வகுப்பறையில் செய்யாதீர்கள், நான் செய்து நோட்டு நனைந்தது!)

கடல் மட்டத்தில் சராசரி காற்றழுத்தம் 1013 மில்லிபார். அதை அளக்கும் கருவி பாரமானி. அதை 1643-ல் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லி பாதரசத்தை வைத்துக் கண்டுபிடித்தார்.

தாழ்வு ஏன் மழை தருகிறது?

கடல் சூடாக இருந்தால் அதன் மேலுள்ள ஈரக்காற்றும் சூடாகி மேலே எழும்பும். அந்த இடத்தில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறையும். அதுதான் தாழ்வுப் பகுதி. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் போல, அழுத்தம் அதிகமான இடத்துக் காற்று அங்கே ஓடி வரும்.

மேலே போன காற்று என்ன ஆகும்? மேலே அழுத்தம் குறைவு, அதனால் காற்று விரியும். விரிந்தால் குளிரும். சைக்கிள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டால் சில்லென்று வருமே, அதே மாதிரிதான். குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி சிறு துளிகளாகி மேகமாகிறது. சோற்றுப்பானை மூடியில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துளிகள் சேர்ந்து கனமானதும் மழை.

ஆயா சொன்னது சரியா?

பூமி சுழல்வதால் காற்று தாழ்வை நோக்கி நேராகப் போகாமல் வலப்பக்கம் வளைந்து, அதைச் சுற்றி வருகிறது. நம் வடகோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு உங்கள் இடப்பக்கம் (கொஞ்சம் முன்னால் தள்ளி) இருக்கும். 1857-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பைஸ் பாலட் சொன்ன விதி இது.

கொண்டல் என்றால் கிழக்குக் காற்று. அதற்கு முதுகு காட்டினால் மேற்கே பார்த்து நிற்போம், இடக்கை தெற்கே இருக்கும். ரேடியோவில் சொன்ன தென்மேற்கு வங்கக்கடல் நம் கடலூர் கரையிலிருந்து தெற்கே வரை இருப்பதுதான்! ரேடியோவும் ஆயாவும் ஒன்றைத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் புரியவில்லை. மேகத்துக்கும் கொண்டல் என்றே தமிழில் ஒரு பெயர் உண்டு.

செய்தியில் வரும் சொற்கள் (காற்றின் வேகம் மணிக்கு)

தாழ்வுப் பகுதி – 31 கி.மீ.க்குக் கீழ்
தாழ்வு மண்டலம் – 31 முதல் 49 கி.மீ.
ஆழ்ந்த தாழ்வு மண்டலம் – 50 முதல் 61 கி.மீ.
புயல் – 62 முதல் 88 கி.மீ.
தீவிரப் புயல் – 89 முதல் 117 கி.மீ.
அதற்கு மேலும் வகைகள் உண்டு.

2011 டிசம்பர் 30 அன்று நம் மாவட்டத்தில் கரையேறிய தானே புயல் இந்த மேல் வகையைச் சேர்ந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் வேகம் குறைந்தால் மழையும் குறையும் என்று நினைக்கக்கூடாது. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் வெறும் 'புயல்' வகைதான். மெதுவாக நகர்ந்ததால் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது.

ஒரு கணக்கு: 1 செ.மீ. மழை ஒரு ஏக்கரில் பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் 2,600 குடத்துக்கு மேல்!

நாம் என்ன செய்யலாம்?

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு பாட்டிலின் வாயை அறுத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி, மரமோ சுவரோ இல்லாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலை நிலையங்களிலும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள். நம் பள்ளியில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒன்று வைக்க ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.

இந்த வருஷம் மறுபடியும் தாழ்வு என்று செய்தி வந்தது. இந்தத் தடவை நானே தரையில் சாக்பீஸால் கடலை வரைந்து அப்பாவுக்குக் காட்டினேன். மல்லாட்டையை அள்ளிப் படுதா போட்டு மூடினோம். தாழ்வு ஆந்திராப் பக்கம் போய்விட்டது, ஒரு சொட்டு மழை இல்லை! எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா சிரித்துக்கொண்டு, "மூடி வெச்சதால என்னா நஷ்டம்? நாளைக்கு விரிச்சுக்கலாம்" என்றார். அடுத்த வாரமே மழை வந்தது. எங்கள் மூட்டைகள் திண்ணையில் காய்ந்தபடி இருந்தன.

உங்கள் வீட்டில் ஏதாவது கேட்டால், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிறகு தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

சிந்திக்க: வாடைக்காற்று (வடக்குக் காற்று) பலமாக அடித்தால் தாழ்வு எந்தத் திசையில் இருக்கும்? விடையைத் தாளில் எழுதி இந்தச் சுவரிதழின் கீழே செருகவும்.



– 9ஆம் வகுப்பு மாணவி