இரண்டு ஏக்கரின் கணக்கு

பத்தாம் வகுப்பில் வேளாண்மைப் பாடம் நடத்தியபோது, "சிறு விவசாயிகள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்கத் தயங்குவது ஏன்?" என்று கேட்டேன். பலரும் சொன்ன விடை, 'அறியாமை'. மானாவாரியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடும் வீட்டுப் பிள்ளைகளே இப்படிச் சொன்னது உறுத்தியது. (நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் குறிப்பு கொடுத்திருக்கிறேன்.)

மறுநாள் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். 20 ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு ஏக்கரில் புது விதை போடுகிறார், விளையவில்லை. 2 ஏக்கர்காரரும் ஒரு ஏக்கரில் போடுகிறார், விளையவில்லை. யாருக்கு எத்தனை சதவீதம் போயிற்று? ஒருவருக்கு 5, மற்றவருக்கு 50. வகுப்பு அமைதியானது. 2018இல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்ததைச் சொன்னேன். "அந்த வருசக் கடனை அப்பா பட்டாசு ஆலைக் கூலியிலதான் அடைச்சாரு, சார்" என்றாள் ஒரு மாணவி.

அடுத்து சொட்டுநீர்ப் பாசனம். நம் மாநிலத்தில் 5 ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. இலவசமாகக் கிடைத்தும் ஏன் எல்லா நிலத்திலும் குழாய் ஓடவில்லை? வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டு வர ஒரு வாரம் கொடுத்தேன்.

வந்த விடைகளில் 'அறியாமை' ஒன்றுகூட இல்லை. கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால்தான் சொட்டுநீர். கரிசல் மானாவாரிக்காரரிடம் அது இல்லை. தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டா. குத்தகைக்கு உழுபவர் பெயரில் சிட்டாவே இல்லை. சிறு விவசாயி சான்றுக்குத் தாலுகா அலுவலகம் போனால் அன்றைய கூலி போகும். வாரக் கூலியில் அடுப்பெரியும் வீட்டுக்கு அது சின்ன இழப்பல்ல.

ஒரு மாணவன் எதிர்க்கேள்வி போட்டான்: "அப்போ பி.டி. பருத்தியை மட்டும் எப்படி சார் எல்லாரும் வாங்கினாங்க?" நல்ல கேள்வி. 2002இல் அனுமதி பெற்ற அந்த விதை விலை கூடுதல்தான். ஆனால் 450 கிராம் பாக்கெட்டாக, கடையில், பட்டா கேட்காமல் கிடைத்தது. ஒரு பாக்கெட் வாங்கி ஒரு ஏக்கரில் போட்டுப் பார்க்கலாம். களைக்கொல்லியும் அப்படியே. களையெடுக்கும் கைகள் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்குப் போய்விட்ட ஊர்களில் அது தேவையாகவும் ஆகிவிட்டது.

அடுத்த தேர்வில் கேள்வியை மாற்றினேன்: "2 ஏக்கர் மானாவாரி, கூட்டுப் பட்டா, கிணறு இல்லை. இந்தக் குடும்பத்துக்கு முதலில் எது வேண்டும்? ஏன்?" விடைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. மதிப்பெண் போடத்தான் திணறினேன்.