நிலத்தை விற்றவர் மாற்றித் தர மறுத்தால்...

தோட்டப்புற இல்லங்கள் பலவற்றில் தகரப் பெட்டியின் அடியில் ஒரு தாள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருப்பதை நாம் காணலாம். பால்வெட்டிச் சேர்த்த பணத்தையோ, ஊழியர் சேமநிதித் தொகையையோ, இல்லத்தரசியின் நகையை விற்ற பணத்தையோ கொடுத்து, ஒரு வீட்டு மனையை வாங்கியதற்கு எழுதிக்கொண்ட தாள் அது. அத்தாள் கையிலிருப்பதால் நிலமும் தம்முடையதே என்று நம்பி அக்குடும்பம் பல ஆண்டுகளைக் கழித்துவிடும். பின்னர் ஒரு நாள், "நிலத்தைத் தருவதற்கில்லை, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக் கொள்ளுங்கள்" என்று விற்றவரிடமிருந்து செய்தி வரும்.

பணத்தைப் பெற்றுக்கொண்டு திரும்புவதைத் தவிர வேறு வழி இல்லையா? உண்டு. அவ்வழி யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறவாது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

தாளும் பதிவேடும்

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் நில உரிமையை முடிவு செய்வது விற்பனைத் தாள் அன்று. அரசாங்கத்தின் நிலப் பதிவேடே ஆகும். தென் ஆஸ்திரேலியாவில் 1858ஆம் ஆண்டில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் கொண்டுவந்த முறையைப் பின்பற்றி இந்நாட்டின் நிலச் சட்டம் அமைந்துள்ளது. 1966ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, 14ஏ பாரம் நிரப்பப்பட்டு, நில அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்ட பின்னரே நிலம் வாங்கியவரின் பெயருக்கு மாறுகிறது.

அப்படியானால் பதிவாகாத ஒப்பந்தம் வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அச்சட்டமே விடை தருகிறது. பதிவு செய்யப்படாத ஒப்பந்தம் நிலத்தின் உரிமையை மாற்றாது. ஆயினும், ஒப்பந்தம் என்ற முறையில் அது விற்றவரைக் கட்டுப்படுத்தும் என்பதை 206ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. இந்த இடத்திலிருந்துதான் நீதிமன்றத்தின் உதவி தொடங்குகிறது.

பணமா, நிலமா?

ஒப்பந்தத்தை மீறியவர் நட்ட ஈடு செலுத்த வேண்டும் என்பதே பொதுவான விதி. அரிசி மூட்டை விற்பதாகச் சொன்ன கடைக்காரர் தவறினால், அப்பணத்தைக் கொண்டு வேறு கடையில் அதே அரிசியை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நிலம் அப்படிப்பட்டதன்று. ஒரு மனையைப் போல் மற்றொரு மனை இராது. பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அருகில், உற்றார் வாழும் ஊரில் அமைந்த மனைக்கு ஈடாகப் பணம் எவ்வாறு அமையும்?

இதனை உணர்ந்தே, 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் தன் 11ஆம் பிரிவில், நிலத்தை மாற்றித் தருவதாகச் செய்த ஒப்பந்தம் மீறப்படும்போது பணம் போதிய ஈடு ஆகாது என்று நீதிமன்றம் கருத வேண்டும் எனக் கூறுகிறது. அப்படியன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சாரும். எனவே, "சொன்னபடியே நிலத்தை மாற்றிக் கொடு" என்று விற்றவருக்கு நீதிமன்றம் கட்டளையிட முடியும். இப்பரிகாரத்தைத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் 'ஏற்றதை ஆற்றுதல்' என்று வழங்குவர். ஏற்றுக்கொண்டதைச் செய்து முடித்தல் என்பது அதன் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தொழிலாளி ஒருவர், தனிக் கிராண்ட் உள்ள ஒரு வீட்டு மனையை 30,000 வெள்ளிக்கு வாங்க ஒப்பந்தம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 3,000 வெள்ளி. பின்னர் 20,000 வெள்ளி. எஞ்சிய 7,000 வெள்ளியை 14ஏ பாரத்தில் கையொப்பமிடும் நாளில் தர வேண்டும். இதற்கிடையில் அப்பகுதியில் புதிய வீடமைப்புத் திட்டம் வருகிறது. மனையின் விலை இரு மடங்காகிறது. விற்றவர் 23,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை முறிக்க முயல்கிறார். விலை ஏறியது மட்டும் ஒப்பந்தத்தை முறிக்கத் தக்க காரணம் ஆகாது. எஞ்சிய 7,000 வெள்ளியைச் செலுத்தத் தொழிலாளி ஆயத்தமாக இருந்தால், அவர் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து நிலத்தையே கேட்கலாம். பேராக்கில் ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உயர் நீதிமன்றங்கள் உள்ளன. தீர்ப்புக்குப் பின்னும் விற்றவர் கையொப்பமிட மறுத்தால், தீர்ப்பை நிறைவேற்றத் தேவையானவற்றைச் செய்யுமாறு நிலப் பதிவதிகாரிக்கே கட்டளையிட, தேசிய நிலச் சட்டத்தின் 417ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது.

வழி எப்போது அடைபடும்?

இப்பரிகாரம் கேட்டவுடன் கிடைப்பதன்று. அதை வழங்குவதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவைப் பொறுத்தது. எனினும் அம்முடிவு நியாய நெறிகளுக்கு உட்பட்டதாகவே இருக்க வேண்டும். இந்தியாவில் 2018ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் நீதிமன்றத்தின் இந்த விருப்புரிமையைப் பெரிதும் குறைத்துவிட்டது. நம் நாட்டில் அத்தகைய மாற்றம் இல்லை என்பதைத் தமிழகத்து உறவினர் கூறக் கேட்போர் கவனிக்க வேண்டும்.

நீதிமன்றம் உதவ இயலாத நிலைமைகள் சில உண்டு.

முதலாவது, தம் பங்கை நிறைவேற்றாதவர். தவணைப் பணத்தைக் கட்டாமலும், கட்டுவதற்கு ஆயத்தமாக இல்லாமலும் இருப்பவர் நிலத்தைக் கேட்க இயலாது.

இரண்டாவது, விற்பனை ஒப்பந்தமே இல்லாத வாக்குறுதி. "நீண்ட காலம் உழைத்தீர்கள், உங்களுக்கு ஒரு மனை தருவோம்" என்ற பேச்சு, விலையும் நிலமும் குறிக்கப்படாதவரை விற்பனை ஒப்பந்தம் ஆகாது. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்திருப்பதும் விற்பனை ஒப்பந்தம் ஆகாது. கசப்பான உண்மையாயினும் இதை நாம் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது, சட்டம் தடுக்கும் விற்பனை. பேராக்கில் மலாய் ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதார் பெயருக்கு மாற்றச் சட்டம் இடம் தருவதில்லை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியை முன்னதாகவே பெற வேண்டும். விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரிக்கவும் இயலாது. ஆகவே, பெரிய தோட்டம் ஒன்றைக் காட்டி, "இதில் உங்களுக்குக் கால் ஏக்கர்" என்று பணம் கேட்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை.

நான்காவது, மூன்றாமவர் குறுக்கிடுதல். உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி அறியாமல், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய வேறொருவர் பெயருக்கு நிலம் மாறிவிட்டால், அவரிடமிருந்து அதை மீட்பது அரிது. அப்போது விற்றவரிடம் நட்ட ஈடு கேட்பது ஒன்றே வழியாக அமையக்கூடும்.

கேவியட் என்னும் காவல்

மூன்றாமவர் குறுக்கிடாமல் தடுப்பதற்குச் சட்டம் ஒரு காவலை ஏற்படுத்தியுள்ளது. அதுவே தனியார் கேவியட். ஒப்பந்தம் செய்தவுடன் 19பி பாரத்தின் வழி நில அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், அந்நிலத்தின் பதிவேட்டில் உங்கள் கோரிக்கை குறிக்கப்படும். அது நீடிக்கும் வரை நிலத்தை வேறொருவர் பெயருக்கு மாற்ற இயலாது. முன்னதாக நீக்கப்படாவிட்டால் கேவியட் 6 ஆண்டுகளுக்குச் செல்லும். நில உரிமையாளர் அதை நீக்கக் கோரினால், அறிவிப்புக் கிடைத்த உடனே வழக்கறிஞரை நாட வேண்டும். வாளாவிருந்தால் காவல் போய்விடும். தக்க காரணமின்றிக் கேவியட் போடுபவர் நட்ட ஈடு செலுத்த நேரிடும் என்பதையும் மறத்தலாகாது.

பணம் கொடுப்பதற்கு முன்

கீழ்க்காணும் செயல்களை ஒவ்வொருவரும் கடைப்பிடித்தல் வேண்டும்.

1. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிடுங்கள். கிராண்டில் இருப்பது விற்பவரின் பெயர்தானா? இறந்துபோன பாட்டனாரின் பெயராயின், வாரிசுரிமை தீரும் வரை பணம் கொடுக்காதீர்கள்.

2. நிலம் விவசாய நிலமா, கட்டட நிலமா, மாற்றுவதற்கு மாநில அரசாங்கத்தின் இசைவு தேவையா என்பனவும் கிராண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், படிக்க இயலாதவர் பிறரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள்.

3. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. ஆனால் அதை மெய்ப்பிப்பது கடினம். இரு தரப்பார் பெயர், நில எண், விலை, தவணை நாள் ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் செய்துகொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை.

4. ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச் சீட்டு வாங்குங்கள்.

5. விற்றவர் மறுத்தால் காலம் கடத்தாதீர்கள். வழக்குத் தொடுப்பதற்குக் கால வரையறை உண்டு. அதற்குள் வந்தாலும், நெடுநாள் உறங்கிவிட்டு வருபவருக்கு நீதிமன்றம் தயங்கியே உதவும். ஈப்போவிலுள்ள அரசாங்கச் சட்ட உதவி அலுவலகத்தில் முதல் ஆலோசனையைப் பெறலாம்.

நாம் கற்க வேண்டிய பாடம்

1950ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பட்ட அல்லல் நம் மூத்தோர் நன்கறிந்ததே. அந்நிலையில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு, மறு ஆண்டே கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொழிலாளரும் நிலத்துக்கு உடையவராகலாம் என்பதை அது காட்டியது. அவ்வுடைமைக்கு அரணாக நிற்பது பதிவேட்டில் ஏறிய பெயரே.

நீதிமன்றம் இறுதிப் புகலிடம். அதற்கு முன் நாம் செய்ய வேண்டிய காவல்கள் பல உள்ளன. ஆகவே, தகரப் பெட்டியைத் திறந்து அத்தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் நில எண் உள்ளதா, முத்திரை உள்ளதா, நில அலுவலகத்தில் யார் பெயர் உள்ளது என்பதை உடனே கண்டறியுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பொருள் நம் பிள்ளைகளின் பெயரில் நிலைபெற அதுவே முதற்படியாகும்.